கள்ளு முட்டியும் பியர் தாங்கியும்: அடிக்கடி கேட்கிற கேள்வியள்

நான் வளர்ந்தது வன்னியில முள்ளியவளைப் பக்கம். தாய்மாமன் கள்ளுச் சீவல் தொழில் செய்தவர். பிறகு ஜேர்மனியில சின்னப் பியர் ஆலை ஒண்டில தாங்கி கழுவுறதில தொடங்கி காய்ச்சிறது மட்டும் கொஞ்சக் காலம் வேலை செய்திருக்கிறன். ஊருக்கு வந்தால் பெடியள் கேட்கிறதும், வெளியில இருக்கிற சொந்தங்கள் போனில கேட்கிறதும் கிட்டத்தட்ட ஒரே கேள்வியள்தான், பழைய முறையில செய்யிறதுக்கும் இப்பத்தைய முறைக்கும் என்ன வித்தியாசம், எங்கட கள்ளு அதில எங்க நிக்குது எண்டு. அதால எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதி வைக்கிறன். குடியுங்கோ எண்டு சொல்ல எழுதேல்லை, இது எப்பிடி உண்டாகுது எண்டதுதான் கதை.

கள்ளும் ஒரு வகைப் பியர்தானோ?

இல்லை. ரெண்டிலயும் ஈஸ்ட் எண்ட நுண்ணுயிர் சீனியைத் திண்டு அல்ககோலையும் காபனீரொட்சைட்டையும் விடுகுது, ரெண்டும் நுரைக்குது, அதால சொந்தக்காரர் மாதிரித் தெரியும். ஆனால் பியர் தானியத்தில இருந்து வாறது, தானியத்துக்குள்ள இருக்கிறது மாப்பொருள், ஈஸ்டுக்கு மாப்பொருளைத் தின்னத் தெரியாது. அந்த மாவைச் சீனியாக்கிறதுக்குத்தான் பியர்காரர் இவ்வளவு பாடுபடுறது. பனையும் தென்னையும் அந்த வேலையைத் தாங்களே முடிச்சு 100க்கு 10இல இருந்து 15 பங்கு சீனி உள்ள பதநீரை பாளை நுனியால தந்துபோடும். அதால கள்ளுக்கு அடுப்பே தேவையில்லை. பியரில கைப்பக்குவம் அடுப்படியில இருக்கு, கள்ளில அது மரத்து வட்டுக்குள்ள இருக்கு. இதை மனசில வைச்சுக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கோ, எல்லாம் இதில இருந்துதான் பிரியுது.

பியர் எப்பிடிச் செய்யிறது? ஒண்டும் தெரியாத ஆளுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுங்கோ.

வயல் செய்யிற ஆக்களுக்கு இது லேசா விளங்கும். விதைநெல்லை சாக்கோட தண்ணியில ஊறப்போட்டு, எடுத்து நனைச்சு மூடிவைச்சு, முளை தலைகாட்டின உடன விதைக்கிறம்தானே. அதையே பார்லியில செய்யினம், ஆனால் முளைச்சதை விதைக்காமல் சூட்டில காயவைச்சு முளையை நிப்பாட்டிப்போடுவினம். அதுதான் மோல்ற். முளைக்கேக்க தானியம் தன்ர மாவைக் கரைக்கிறதுக்கு எண்டு நொதியங்களை உண்டாக்கும், நெல்லும் அப்பிடித்தான், குட்டிப் பயிருக்குச் சாப்பாடு வேணுமே. பியர்காரர் அந்தச் சாப்பாட்டைப் பயிருக்குக் கொடுக்காமல் ஈஸ்டுக்குக் கொடுக்கினம்.

காய்ஞ்ச மோல்ற்றை உடைச்சு சுடுதண்ணியில கலந்து 62இல இருந்து 72 பாகை செல்சியசுக்குள்ள ஒரு மணித்தியாலம் அளவில வைச்சிருந்தால் மா சீனியாகும், கூழ் மாதிரி இருந்தது வரவர தேத்தண்ணி மாதிரி இளகும், வாயில வைச்சால் இனிக்கும். நான் முதல் தரம் அதை ருசி பார்க்கேக்க எனக்கு வந்தது கருப்பநீர், அதுதான் நொதிக்காத பதநீர், ஞாபகம். பிறகு அதை வடிச்சு, ஹொப்ஸ் எண்ட பூவைப் போட்டு ஒரு மணித்தியாலம், ஒண்டரை மணித்தியாலம் கொதிக்கவைச்சு, ஆறவைச்சு ஈஸ்ட் போடுறது. ஒரு கிழமையில இருந்து சில கிழமை பொறுத்தால் பியர். தானியத்தில மிஞ்சிற சக்கை மாட்டுக்குப் போகும், அது பழைய காலத்திலயும் அப்பிடித்தான், இப்பவும் அப்பிடித்தான்.

வெப்பமானி இல்லாத காலத்தில 65 பாகை எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சவை?

இந்தக் கேள்வி எனக்கு நல்ல விருப்பம், ஏனெண்டால் பழைய ஆக்களின்ர கெட்டித்தனம் இதிலதான் தெரியும். பிள்ளைக்கு வார்க்கேக்க அம்மம்மா வெப்பமானியோ வைச்சுப் பார்த்தவா? கொதிச்ச தண்ணி இத்தனை செம்பு, பச்சைத்தண்ணி இத்தனை செம்பு எண்டு கணக்கு இருந்தது, முழங்கையை வைச்சுப் பார்த்தா, சரி. அதேதான். கொதிக்கிற தண்ணியின்ர சூடு எப்பவும் ஒண்டு, அப்ப அளவைச் சரியா வைச்சால் கலவையின்ர சூடும் ஒவ்வொரு தரமும் ஒண்டாத்தான் வரும். தென் ஜேர்மனி, செக் பக்கங்களில கலவையில மூண்டில ஒரு பங்கு போல அள்ளி வேற கிடாரத்தில கொதிக்கவைச்சுத் திருப்பி ஊத்துவினம், மொத்தச் சூடும் ஒரு படி ஏறும், இப்பிடி ரெண்டு மூண்டு தரம். அந்த முறையை இப்பவும் விடாமல் செய்யிற ஆலையள் இருக்கு. உலோகக் கிடாரம் இல்லாத இடங்களில கல்லை நெருப்பில பழுக்கவைச்சு மரப்பீப்பாய்க்குள்ள போட்டவை.

புதிய முறையில இரும்புத் தாங்கிக்கு வெளிச்சுவர் ரெண்டு தட்டு, அதுக்குள்ளால நீராவியோ குளிர்த்தண்ணியோ ஓடும், அரைப் பாகை கூடினால் கணினி சத்தம் போடும். நான் வேலை செய்த இடத்தில அப்பிடித்தான். அங்க இருந்த வயசுபோன தலைமைக் காய்ச்சுனர் அப்பவும் மூடியைத் திறந்து மணந்து பார்க்காமல் அடுத்த கட்டத்துக்குப் போகமாட்டார். மாமா கள்ளு சேர்க்கிற மண்முட்டிக்குள்ள மூக்கை வைச்சுப் பார்க்கிறதும் இப்பிடித்தான் இருக்கும்.

பழைய காலத்தில ஈஸ்ட் எங்க வாங்கினவை?

வாங்கேல்லை. ஈஸ்ட் எண்டு ஒண்டு இருக்கெண்டே தெரியாது. 1516இல பவேரியாவில போட்ட பியர்ச் சட்டத்தில பார்லி, ஹொப்ஸ், தண்ணி மூண்டும்தான் இருக்கு, ஈஸ்ட் எண்ட பேச்சே இல்லை. ஆனால் தெரியாமலே அதை வளர்த்தவை. போன தரம் காய்ச்சினதின்ர அடிமண்டியை, இல்லாட்டி மேல நிண்ட நுரையை எடுத்து அடுத்ததுக்குப் போட்டவை. நோர்வேயில கமக்காரக் குடும்பங்கள் மரத்தில செய்த வளையத்தை நுரைக்குள்ள தோய்ச்சுக் காயவைச்சு வீட்டில தூக்கிவைச்சிருப்பினம், அடுத்த தரம் அதையே போட்டால் நொதிக்கும். க்வைக் எண்டு பேர். அந்த ஈஸ்ட் 35, 40 பாகைச் சூட்டிலயும் நல்ல பியர் தருமாம் எண்டு இப்ப உலகம் முழுக்க வாங்கினம், தலைமுறை தலைமுறையா வீட்டுக்குள்ள இருந்த சாமான்.

இப்ப எங்கட முட்டியைப் பாருங்கோ. புது முட்டியில முதல் நாள் கள்ளு சரியா வராது எண்டு மாமா சொல்லுறவர், ரெண்டு மூண்டு நாள் பழகவேணும். பழகிறது எண்டால் என்ன? மண்முட்டியின்ர சின்னச்சின்ன ஓட்டைக்குள்ள ஈஸ்ட் குடியேறுறது. நோர்வேக்காரனின்ர மரவளையமும் மாமாவின்ர மண்முட்டியும் ஒரே வேலையைத்தான் செய்யுது.

பிறகுதான் விஞ்ஞானம் வந்தது. பாஸ்ரர் 1876இல பியரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், பியர் பழுதாகிறது வேற நுண்ணுயிர் உள்ள போறதால எண்டு காட்டினார். டென்மார்க்கில கார்ள்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில எமில் கிறிஸ்ரியன் ஹான்சன் 1883இல ஒரேயொரு ஈஸ்ட் கலத்தைத் தனியாப் பிரிச்சு அதில இருந்து முழுப் பியருக்கும் தேவையானதை வளர்த்துக் காட்டினார். அந்த ஆலைச் சொந்தக்காரர் அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலையளுக்கும் சும்மா கொடுத்தவர், அது எனக்குப் பெரிய விசயமாப் படுகுது. புதிய முறை எண்டு நாங்கள் சொல்லுறதின்ர அத்திவாரம் அதுதான், இரும்புத் தாங்கி இல்லை. இன்னாருதான் உள்ளுக்க இருக்கினம், வேற ஒருத்தரும் இல்லை எண்டு தெரிஞ்சுகொண்டு வேலை செய்யிறது. பிஎச் எண்டு புளிப்பை அளக்கிற கணக்குக்கூட அதே ஆய்வுகூடத்தில 1909இல வந்ததுதான்.

ஹொப்ஸ் எண்டால் என்ன? எங்கட பக்கம் வளருமோ?

ஒரு கொடியின்ர பெண்பூ. குளிர் நாட்டுச் சாமான், கோடையில நீண்ட பகல் வேணும், வன்னியில சரிவராது. கைப்பு அதாலதான் வாறது. ஆனால் கைப்புக்காக மட்டும் போடுறேல்லை, கொதிக்கேக்க அதில இருந்து வாற அமிலம் புளிக்கவைக்கிற பக்ரீரியாக்களை அடக்கும், ஈஸ்ட்டை ஒண்டும் செய்யாது. கள்ளு ஒரு நாளில புளிக்கிறதுக்கும் பியர் மாசக்கணக்கில நிக்கிறதுக்கும் இது முக்கியமான காரணம். ஹொப்ஸ் பரவ முதல் ஐரோப்பாவிலயும் பியர் கெதியாப் புளிச்சது, வேற வேற பச்சிலை எல்லாம் போட்டுப் பார்த்தவை.

கள்ளு சீவுறது எண்டால் பாளையை வெட்டிவிட்டால் வடியும், அவ்வளவுதானே?

இல்லை, இல்லவே இல்லை. இதை லேசா நினைக்கிற ஆக்களாலதான் இந்தத் தொழிலுக்கு மரியாதை இல்லாமல் போனது. சும்மா வெட்டின பாளையில இருந்து ஒண்டும் பெரிசா வராது. தென்னையில விரியாத பாளையைப் பார்த்துத் தெரிஞ்செடுத்து, விரியாமல் நாரால சுத்திக் கட்டி, சின்னப் பொல்லால நாளுக்கு நாள் மெதுவாத் தட்டிப் பதப்படுத்தவேணும், கூடத் தட்டினால் உள்ளுக்க நசிஞ்சு அழுகிப்போகும், குறையத் தட்டினால் பதநீர் இறங்காது. எத்தினை தட்டு, எவ்வளவு பாரம் எண்டு கையாலதான் பழகவேணும். ஆண்பனையில பூந்துணர் வேற மாதிரி, விரல் விரலா இருக்கும், அதை நசிச்சுப் பதப்படுத்திச் சேர்த்துக் கட்டுறது. பெண்பனையில இன்னொரு முறை. பனை ஆணோ பெண்ணோ எண்டு அது பூக்கும் மட்டும் தெரியாது, அதுக்கே 12, 15 வருசம் போகும், இன்னும் கூடவும் செல்லும்.

பிறகு காலையும் பின்னேரமும், ஒவ்வொரு நாளும், பாளை நுனியில மெல்லிசா ஒரு சீவல். ஏன் ரெண்டு தரம் எண்டால் வெட்டின வாயை மரம் மூடப்பார்க்கும், எங்கட காயம் ஆறுற மாதிரி. அதைத் திருப்பித் திறந்து விடவேணும். கடுதாசித் தடிப்புக்குச் சீவினால் ஒரு பாளை கன நாள் ஓடும், தடிப்பாச் சீவினால் கெதியாப் பாளை முடிஞ்சிடும், மரத்துக்கும் நட்டம் ஆளுக்கும் நட்டம். பாளைக் கத்தியைத் தீட்டுறதுக்கு மாமா எடுக்கிற நேரத்தைப் பார்த்தால் சவரக்கத்தி தோத்துப்போகும்.

இவ்வளவையும் தளநாரை காலில கொழுவிக்கொண்டு 40, 50 அடி உயரத்தில, ஒரு நாளைக்குப் பத்து மரம் பதினைஞ்சு மரம் ஏறி இறங்கிச் செய்யிறது. மழையில மரம் வழுக்கும். விழுந்து முள்ளந்தண்டு முறிஞ்சு படுத்த படுக்கையான ஆக்கள் எங்கட ஊரிலயே இருக்கினம். பியர் ஆலையில எனக்குப் பாதுகாப்புச் சப்பாத்து, கண்ணாடி, காப்புறுதி எல்லாம் தந்தவை.

கருப்பநீரும் கள்ளும் ஒரே மரத்தில இருந்துதானே வருது, ஏன் ஒண்டில வெறி இல்லை?

சுண்ணாம்பு. முட்டியின்ர உள்பக்கம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் பதநீர் காரமாகும், அதாவது புளிப்புக்கு எதிர்த் தன்மை வரும், அந்தக் காரத்தில ஈஸ்ட்டும் பக்ரீரியாவும் வளராது, சீனி சீனியாவே நிக்கும். அதுதான் கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாத முட்டியில விழுந்தால் விழுற நேரத்தில இருந்தே நொதிக்கத் தொடங்கும், இறக்கேக்கயே அது கள்ளு. ஹான்சனுக்கும் பாஸ்ரருக்கும் எத்தினையோ தலைமுறைக்கு முதலே நுண்ணுயிரை நிப்பாட்டுறதுக்கு ஒரு முறையும் விடுறதுக்கு ஒரு முறையும் எங்கட ஆக்களிட்ட இருந்திருக்கு, காரணம் தெரியாட்டிலும் பலன் தெரிஞ்சிருக்கு.

காலமைக் கள்ளு இனிக்குது, அதே கள்ளு பின்னேரம் ஏன் புளிக்குது?

ஏனெண்டால் முட்டிக்குள்ள ஒரு ஆள் இல்லை, ஒரு ஊரே இருக்கு. முதல் லக்ரிக் அமிலப் பக்ரீரியா கூடி ஒரு மெல்லிய புளிப்பைக் கொண்டுவரும், அந்த வெள்ளை நிறத்துக்கும் அவையள் காரணம். கூடவே ஈஸ்ட்டும், சைமோமோனாஸ் எண்ட இன்னொரு பக்ரீரியாவும் சீனியை அல்ககோலாக்கும். நேரம் போக அசற்றிக் அமிலப் பக்ரீரியா வந்து அல்ககோலைத் திண்டு வினாகிரி ஆக்கும். எங்கட வெக்கையில இந்த முழுக் கதையும் ரெண்டு நாளுக்குள்ள முடிஞ்சிடும். சைமோமோனாஸ் பற்றி ஒண்டு சொல்லவேணும், கள்ளில அது வேலைகாரன், பியர் ஆலையில அதே ஆள் உள்ள வந்தால் பியர் கெட்டுப்போச்சு எண்டு ஊத்துவினம்.

பெல்ஜியத்தில லாம்பிக் எண்டு ஒரு பழைய முறைப் பியர் இன்னும் இருக்கு, பிரசெல்ஸ் பக்கம். காய்ச்சினதை அகண்ட தட்டுத் தாங்கியில ஊத்தி இரவு முழுக்கத் திறந்து வைப்பினம், காத்தில வாறதும் பீப்பாய் மரத்துக்குள்ள இருக்கிறதும்தான் ஈஸ்ட். எங்கட முட்டி மாதிரியேதான் ஊரே உள்ளுக்க இருக்கும், புளிப்பும் இருக்கும். ஆனால் அதைக் குளிர்காலத்திலதான் காய்ச்சுவினம், கோடையில கண்ட கண்ட பக்ரீரியா எல்லாம் வரும் எண்டு. பிறகு வருசக்கணக்கில பீப்பாயில கிடக்கும். வன்னியில எங்களுக்கு அந்தக் குளிர் இல்லை. அதால கள்ளை வைச்சுக் குடிக்கிற பழக்கம் வரேல்லை, அண்டண்டைக்கு இறக்கி அண்டண்டைக்கு முடிக்கிற பழக்கம் வந்தது. உப்பிடியே பார்த்தால் ஆபிரிக்காவில இறுங்கு எண்ட தானியத்தில காய்ச்சிற பியர்தான் எங்கட கள்ளுக்குக் கிட்ட நிக்கிறது. கலங்கலா, புளிப்பா, நொதிச்சுக்கொண்டிருக்கேக்கயே குடிச்சு முடிக்கிற சாமான்.

பனங்கள்ளோ தென்னங்கள்ளோ நல்லது?

நாக்கைப் பொறுத்தது. பனை மாரி முடிஞ்சு தை மாசிக்குப் பிறகு கோடையில ஓடும், தென்னை வருசம் முழுக்க. பளைப் பக்கம் தென்னங்கள்ளு, பூநகரிப் பக்கம் போனால் பனை. எனக்குப் பனங்கள்ளு, பனையோலையில மடிச்ச பிளாவில ஊத்தினது, வேற பாத்திரத்தில அந்த வாசம் வராது.

கள்ளைப் பிரிட்ஜில வைச்சால் பியர் மாதிரி நிக்குமோ? போத்தல் கள்ளு ஏன் வேற ருசி?

பிரிட்ஜ் நொதிக்கிறதை நிப்பாட்டாது, மெதுவாக்கும். காலமை இறக்கினதை உடன குளிரில வைச்சால் அடுத்த நாளும் குடிக்கிற மாதிரி இருக்கும். மூடியை இறுக்கிப் பூட்டவேண்டாம், உள்ளுக்க காஸ் உண்டாகிக்கொண்டே இருக்கும், கண்ணாடிப் போத்தல் வெடிச்ச கதையள் இருக்கு.

சீவல் தொழிலாளரின்ர கூட்டுறவுச் சங்கங்கள் விக்கிற போத்தல் கள்ளை வடிகட்டி, சூடாக்கி, நுண்ணுயிரைக் கொண்டுபோட்டு அடைக்கினம். பியரையும் போத்தலில அடைச்ச பிறகு 60 பாகை அளவில கொஞ்ச நேரம் வைச்சு எடுக்கிறவை, அதே முறைதான். ஆனால் பியர் முதலே ஒருக்காக் கொதிச்ச சாமான், அதுக்குச் சூடு பழக்கம். கள்ளு ஒருநாளும் நெருப்பைக் காணாதது, முதல் தரம் சூடு படேக்க அந்தப் பச்சை வாசம் போய்விடும், ஒரு அவிஞ்ச மணம் வரும், உயிரோட துடிச்சுக்கொண்டிருந்த நுரையும் அடங்கிடும். அதுக்காகப் போத்தல் கள்ளைக் குறை சொல்லமாட்டன். கோடையில கள்ளு மிஞ்சி நிலத்தில ஊத்தின நாளுகள் இருக்கு, அதை ஊத்தாமல் அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்பினால் சீவினவருக்குக் காசு. மிஞ்சினதை வடிச்சுச் சாராயமாக்கிறதும் அதுக்குத்தான், பருத்தித்துறைப் பக்கம் திக்கத்தில பனஞ்சாராய வடிசாலை கட்டினதே அந்த யோசனையிலதான்.

எதில வெறி கூட?

கள்ளு 4இல இருந்து 6 வீதம் அல்ககோல், அண்டைக்கு எவ்வளவு நொதிச்சது எண்டதைப் பொறுத்து. இலங்கைப் பியர், சாதாரண லயன் லாகர் 4.8, அதே கொம்பனியின்ர ஸ்ரவுட் 8.8. கள்ளில காலமை குறைவு, மத்தியானம் கூட, அடுத்த நாள் புளிச்சுப் போனது திருப்பிக் குறைவு. போத்தலில எழுதிக்கிடக்கிற மாதிரி கள்ளுக்கு ஒரு கணக்கும் எழுதமுடியாது. வாகனம் ஓடப்போற ஆள் இது வெறும் கள்ளுத்தானே எண்டு நினைக்கக்கூடாது.

கலப்படக் கள்ளை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

நாக்குக்கு ஒரு வழி இருக்கு. உண்மையான கள்ளு நேரம் போகப்போக இனிப்புக் குறைஞ்சு புளிப்பு ஏறும், ஏனெண்டால் ஈஸ்ட் சீனியைத் திண்டுகொண்டிருக்கு. பின்னேரம் அஞ்சு மணிக்கும் காலமை மாதிரியே இனிக்குதெண்டால் ஈஸ்ட்டால தின்னமுடியாத இனிப்பு ஏதோ விட்டிருக்கு, சக்கரீன் அப்பிடிப்பட்டது. தண்ணியும் சீனியும் கலந்து பெருக்கினால் இது பிடிபடாது, அது நொதிச்சிடும், ஆனால் வாயில வெறுமையா இருக்கும், பனை வாசம் இராது. ஒரு தவறணையில, அதுதான் கள்ளுக்கடை, எனக்கு முதல் வகை நடந்தது, காசைக் கொடுத்திட்டு எழும்பி வந்திட்டன். மரத்தடியில முகம் தெரிஞ்ச ஆளிட்ட வாங்கிறதுக்கு ஈடில்லை.

கசிப்பும் பழைய முறைதானே? ஏன் அதைப் பற்றி எழுதேல்லை?

கசிப்பு எண்டது கள்ளச் சாராயம், பழைய முறை எண்ட பேரை அதுக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. சீனியும் ஈஸ்ட்டும் தண்ணியும் கலந்து பரலில கோடா, அதாவது புளிக்கவைக்கிற கலவை, போட்டு, காட்டுக்குள்ள, குளக்கரையில, கண்ட தகரத்தில வடிக்கிறது. என்ன விட்டது, எத்தினை வீதம், எந்தப் பாத்திரம் எண்டு விக்கிறவனுக்கே தெரியாது. சீனியில இருந்து வடிச்சதில மெதனோல் பெரிசா வராது. ஆனால் வேகத்துக்கு எண்டு தொழிற்சாலை ஸ்பிரிட் கலந்தால் வரும், மெதனோல் உடம்புக்குள்ள போமிக் அமிலமாகிக் கண்ணை அழிக்கும், ஆளையும் கொல்லும். குடிச்ச ஆளுக்கு கண் மங்குது, வெள்ளையாத் தெரியுது எண்டால் விடியட்டும் எண்டு பார்க்காமல் உடன ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ, நேரத்தோட போனால் மருந்து இருக்கு. சண்டை முடிஞ்சு திரும்பி வந்து குடியேறின எத்தினை வீடுகளை இது குலைச்சுப்போட்டுது எண்டு எங்கட பொம்பிளையளைக் கேட்டால் சொல்லுவினம்.

வீட்டில பியர் காய்ச்சிப் பார்க்கலாமோ?

ஜேர்மனியில, கனடாவில இருக்கிற ஆக்கள் அந்த நாட்டுச் சட்டத்தின்படி செய்யலாம், வீட்டுக்காய்ச்சல் பொட்டலமாகவே விக்கினம். இலங்கையில மதுவரிச் சட்டப்படி அனுமதி இல்லாமல் செய்யிறது குற்றம், 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இன்னும் நிக்குது. கள்ளு சீவுறதுக்கும் அனுமதி வேணும்.

இலங்கையில பியர் எப்ப தொடங்கினது?

வெள்ளைக்காரர் காலத்தில, நுவரெலியாவில. ஏன் அங்க எண்டால் குளிர். குளிரூட்டி இல்லாத காலத்தில பியர் நொதிக்கிறதுக்கு மலைக்குளிர் வேணும், நல்ல ஊத்துத் தண்ணியும் வேணும். 1870களில ஜேர்மன்காரர் லிண்டே குளிராக்கிற மெசினைச் செய்து மியூனிக் பியர் ஆலை ஒண்டுக்குக் கொடுத்தார், அதுக்குப் பிறகு உலகத்தில எந்த வெக்கை நாட்டிலயும் லாகர், அதாவது குளிரில நொதிக்கிற பியர், காய்ச்சலாம் எண்டு வந்தது. நுவரெலியாவில இருந்த லயன் ஆலையும் பிறகு மலையை விட்டு இறங்கி கொழும்புப் பக்கம் பியகமவுக்கு வந்திட்டுது. மோல்ற்றும் ஹொப்ஸும் கப்பலிலதான் வருது, இஞ்ச விளையிறேல்லை.

யோசிச்சுப் பாருங்கோ, புதிய பியர் எண்டால் கரண்ட். 90களில வன்னியில கரண்டே இல்லை, சண்டையால பொருளாதாரத் தடை வேற, தெற்கில இருந்து சவுக்காரம் வாறதே பாடு. அந்தக் காலம் முழுக்க கரண்டும் வேண்டாம் இறக்குமதியும் வேண்டாம் எண்டு பனை தன்பாட்டில ஓடினது. கலியாணவீட்டுக்கும் கள்ளு, செத்தவீட்டுக்கும் கள்ளு, அப்பமாவைப் புளிக்கவைக்க அம்மாவுக்கும் ஒரு சிரட்டை கள்ளு. ஐரோப்பாவிலயும் முந்தி பாண்காரர் பியர்காரரிட்டத்தான் நுரை வாங்கிப் பாண் போட்டவை, அதை ஆலையில கேள்விப்பட்ட அண்டு அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொன்னனான்.

புதிய முறையால ருசி கெட்டுப்போச்சு எண்டினம், உண்மையோ?

கெட்டுப்போகேல்லை, ஒண்டாப்போச்சு. ஒரு கொம்பனிப் போத்தலை கொழும்பில திறந்தாலும் கிளிநொச்சியில திறந்தாலும் அதே ருசி, அது லேசான காரியம் இல்லை, நான் உள்ளுக்க நிண்டு பார்த்தனான், ஒரு குழாய் மூலையில ஊத்தை இருந்தால் போதும் முழுத் தாங்கியும் போகும். பழைய முறையில அஞ்சு காய்ச்சலில ஒண்டு பழுது எண்டாலும் அதைத்தான் குடிச்சவை. அதால பழசு எல்லாம் பொன் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் ஒரே ஈஸ்ட், ஒரே மோல்ற், ஒரே சூடு எண்டு போகேக்க இடத்தின்ர ருசி போய்விடும். முள்ளியவளைக் கள்ளுக்கும் மன்னார்க் கள்ளுக்கும் வித்தியாசம் சொல்லக்கூடிய கிழவர்கள் இருந்தவை. சின்னச் சின்ன ஆலையள் இப்ப காட்டு ஈஸ்ட்டையும் க்வைக்கையும் தேடிப்போறது அந்த இழந்த ருசியைத் தேடித்தான்.

அப்ப எங்கட தவறணையள் பியர் ஆலையிட்ட என்னத்தைப் படிக்கலாம்?

துப்பரவு. வேற ஒண்டும் வேண்டாம். மரத்தில கட்டுற முட்டியைப் பழகின முட்டியாவே விடுங்கோ, அதுக்குள்ள இருக்கிறதுதான் கள்ளின்ர ஈஸ்ட். ஆனால் இறக்கின பிறகு சேர்க்கிற கான், வடி, புனல், அளக்கிற பேணி எல்லாம் ஒவ்வொரு நாளும் கொதிதண்ணியில கழுவவேணும், பிளாஸ்ரிக் கானில கீறல் விழுந்தால் அந்தக் கீறலுக்குள்ள வினாகிரிப் பக்ரீரியா குந்தியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் போகாது, அதைத் தூக்கி எறியுங்கோ. தேனீயும் இலையானும் விழாமல் துணியால மூடி வடியுங்கோ. காலமைக் கள்ளையும் நேத்தையான் மிச்சத்தையும் கலக்கவே வேண்டாம், நேத்தையானில இருக்கிற புளிப்பு இண்டையான் எல்லாத்தையும் ரெண்டு மணித்தியாலத்தில இழுத்துக்கொண்டு போகும். ஒரு ஐஸ் பெட்டி இருந்தால் மத்தியானம் விக்கிற கள்ளு பின்னேரம் மட்டும் நிக்கும். இதுக்கு லட்சக்கணக்கில காசு தேவையில்லை, பழக்கம்தான் வேணும்.

கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி, மருந்து எண்டினம்?

ஈஸ்ட்டோட குடிக்கிறதால கொஞ்சம் பி விற்றமின் இருக்கு. ஆனால் உள்ள இருக்கிற அல்ககோல் அல்ககோல்தான், ஈரலுக்கு மரத்தில இருந்து வந்ததோ ஆலையில இருந்து வந்ததோ எண்டு தெரியாது. குளிர்ச்சிக்குக் குடிக்க விருப்பம் எண்டால் கருப்பநீர் குடியுங்கோ, மாங்காய்த் துண்டு போட்டு.

சீவல் தொழில் இன்னும் எத்தினை காலம் இருக்கும்?

பனை குறைஞ்சது உண்மை. பங்கருக்கு எண்டு தறிச்சது, செல்லில தலை போய் மொட்டையா நிண்டது, முல்லைத்தீவுக் கரையில 2009க்குப் பிறகு போய்ப் பார்த்த ஆக்களுக்குத் தெரியும். அதுக்குப் பிறகு பனை அபிவிருத்திச் சபையும் ஊர் ஆக்களும் பனங்கொட்டை நட்டிருக்கினம், அது பாளை விட 15 வருசம் எண்டால் சில இடங்களில இப்பதான் அந்தப் பருவம் வந்துகொண்டிருக்கு.

மரம் வந்தாலும் ஏற ஆள் வேணும். சாதியைச் சொல்லித் தொழிலைத் தாழ்த்தி, கள்ளை வாங்கிக் குடிச்சுப்போட்டு சீவினவரை வீட்டு விறாந்தையில இருத்தாத சமூகம் எங்கட. எழுபதுகளில கூட்டுறவுச் சங்கங்கள் வந்ததால வருமானத்துக்கும் சேமிப்புக்கும் ஒரு வழி பிறந்தது, ஆனால் அந்த மரியாதை இன்னும் முழுசா வரேல்லை, அதால பெடியள் வரமாட்டினம், நான் அவையளைப் பிழை சொல்லமாட்டன். ஜேர்மனியில பியர் காய்ச்சிறதுக்கு மூண்டு வருசத் தொழிற்பயிற்சி, சான்றிதழ், மாஸ்ரர் எண்டு ஒரு பட்டம் இருக்கு, அந்தப் பட்டம் உள்ள ஆளை ஊரில தொப்பி கழட்டி மதிப்பினம். என்ர மாமாவிட்ட இருந்த அறிவு அதுக்கு ஒரு விரல்கூடக் குறைவில்லை. எந்தப் பாளை எப்ப பதமாகும் எண்டு கீழ நிண்டே சொல்லுவார்.

போன வருசம் ஊருக்குப் போனபோது அவரின்ர பேரன் பாளைக் கத்தியைக் கையில வைச்சிருந்து, இதை எப்பிடித் தீட்டுறது மாமா எண்டு என்னைக் கேட்டவன். எனக்குத் தெரியாது. நாங்கள் ரெண்டு பேருமாப் போய் முற்றத்தில சாய்மனைக் கதிரையில இருந்த கிழவனைக் கேட்டம், அவர் வெள்ளைக்கல்லுத் தூள் கொஞ்சமும் பலகைத் துண்டும் எடுத்துவரச் சொல்லி, எழும்பாமல் இருந்தபடியே ஒரு மணித்தியாலம் காட்டிக் கொடுத்தார்.